நாய் அடிபட்டால் எங்கே ஓடுவது, எவ்வளவு ஆகும்: மலையகத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அடிபட்ட நாய்களையும் கைவிடப்பட்ட குட்டிகளையும் எடுத்துப் பார்க்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரியில் ஃபோன் அடித்தால் பெரும்பாலும் நாய் விஷயம்தான். யார் எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான், ஆனால் பதில் சொல்லி முடிக்கும் அரை மணி நேரத்துக்குள் சில நாய்கள் போய்விடுகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. அதனால் மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை.

டீச்சர், ரோட்டுல நாய் அடிபட்டுக் கெடக்குது. மொதல்ல என்ன செய்யணும்?

முதலில் வளைவில் நின்று வாகனத்தை மறிக்க ஒருவரை அனுப்புங்கள். நம் ரோட்டில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. நாயைக் காப்பாற்றப் போய் ஆள் அடிபடக்கூடாது.

பிறகு முகத்துக்கு நேரே போகாமல் முதுகுப் பக்கமாக மெதுவாகப் பேசிக்கொண்டு போங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், அது குணக்கேடு இல்லை. துணி நாடாவால் வாயை இலேசாகக் கட்டலாம். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டவே கூடாது. இரத்தம் வடியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். முதுகெலும்பு அசையாமல் ஒரு பலகையில் ஏற்றுங்கள். பலகை இல்லையா, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்து, அதன் மேல் இழுத்து வைத்து, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூக்கலாம். கம்பளியால் போர்த்துங்கள். தண்ணீர், பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும், மயங்கிக் கிடக்கும் நாய்க்குத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

அடிபட்ட அடையாளமே இல்லாமல் எச்சில் வடித்துத் தள்ளாடித் திரிகிற நாயைத் தொடாதீர்கள். அது விசர் நோயாக, அதாவது வெறி நோயாக, இருக்கலாம். அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

விடியும் வரைக்கும் வெச்சிருக்கலாமா, இல்ல இப்பவே போகணுமா? எப்படித் தெரியும்?

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைத் துணி போல வெளுத்திருந்தால், வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லாவிட்டாலும் உள்ளே வடிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாய் விடியும் வரை இருக்காது. ஈறே கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

மூச்சு விட வயிறு எக்கி எக்கிப் போவது, நிற்காத வலிப்பு, வயிறு திடீரென்று மேளம் போல ஊதுவது, சிறுநீர் போக முடியாமல் முக்குவது, குட்டி போடும் நாய் அரை மணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வராமல் இருப்பது, இவை எல்லாம் இப்போதே போக வேண்டியவை. சிறுநீர் கடும் பிளேன்டீ நிறத்தில் போய், நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். விடிந்ததும் முதல் வேலையாகக் கொண்டு போங்கள். ஈறும் வெளுத்திருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். காலை ஊன்றாமல் நொண்டுகிறது, ஆனால் ஈறு நன்றாக இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் கதகதப்பான இடத்தில் அசையாமல் வைத்துக் காலையில் போகலாம்.

எங்க கொண்டு போறது? மாட்டு டொக்டர் நாயைப் பார்ப்பாரா?

பார்ப்பார். பிரதேச செயலகப் பிரிவுகளில் இருக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருப்பவர் முழுப் படிப்புப் படித்த மிருக வைத்தியர். நம் பக்கம் பால் மாடு அதிகம் என்பதால் அவருடைய பகல் பொழுது மாட்டுப் பட்டியில் போகும். பலர் மாலையில் தனியாகவும் பார்க்கிறார்கள். ஆனால் அந்த அலுவலகத்தில் எக்ஸ்ரே, இரவில் படுக்க வைத்து சேலைன் ஏற்றுவது போன்ற வசதிகளை எதிர்பார்க்க முடியாது. ஊசி, கட்டு, சின்னத் தையல், முக்கியமாக "இதை உடனே பேராதனைக்குக் கொண்டு போ" என்று சொல்லும் கண், இவை அவரிடம் கிடைக்கும்.

பெரிய காயம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை. இலங்கையில் மிருக வைத்தியப் பட்டப்படிப்பு இருக்கும் ஒரே பல்கலைக்கழகம் அதுதான். அங்கே சத்திரசிகிச்சையும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன, மாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் ஒரு நாயைப் பல பேர் நிதானமாகப் பார்ப்பார்கள். கண்டி நகரைச் சுற்றித் தனியார் சிகிச்சை நிலையங்களும் உண்டு. எதற்கும் புறப்படுமுன் ஃபோன் எடுத்து "இப்போது டொக்டர் இருக்கிறாரா" என்று கேளுங்கள். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர் வளைவுப் பாதை. பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு இன்னும் தூரம். பூட்டிய கதவைப் பார்க்கப் போகும் தூரம் இல்லை அது.

பஸ்ல ஏத்த மாட்டாங்க. எங்ககிட்ட வாகனம் இல்லயே?

ஆட்டோதான் முதல் வழி. ஆனால் அந்த நேரத்தில் ஆள் தேடினால் கிடைக்காது. பகலில், ஒன்றும் நடக்காத நாளில், "ராத்திரி நாய் ஏற்றுவீர்களா, பேராதனைக்கு என்ன கூலி" என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டு நம்பரை வாங்கி வையுங்கள். சீட்டில் விரிக்க உரப்பையும் படங்கும் நீங்களே கொண்டு போனால் அடுத்த முறையும் வருவார்கள். இன்னொரு வழி மரக்கறி லொறி. இரவில் கொழும்புப் பக்கம் கீழே இறங்கும் லொறிக்காரர்கள் எத்தனையோ தடவை எனக்கு உதவியிருக்கிறார்கள். சில பேர் கூலியே வாங்கவில்லை.

1990க்கு அடிக்காதீர்கள். அது மனிதர்களுக்கான அம்புலன்ஸ்.

எனக்கு சிங்களம் சரியா வராது டீச்சர். ஃபோன்ல என்ன சொல்றதுனே தெரியல.

இந்தப் பயத்தாலேயே பேசாமல் இருந்துவிடுபவர்கள் பலர். டொக்டர்களுக்குத் தேவை நாலைந்து சொல்தான். பல்லா என்றால் நாய். "பல்லா வாகனயக ஹெப்புனா" என்றால் வாகனத்தில் அடிபட்டது. "பல்லா வஸ காலா" என்றால் நஞ்சு சாப்பிட்டுவிட்டது. "லே எனவா", இரத்தம் வருகிறது. "வமனே தானவா", வாந்தி எடுக்கிறது. "ஹுஸ்ம கன்ன அமாருய்", மூச்சு விடக் கஷ்டப்படுகிறது. "கீயக் விதர வெய்த?" என்றால் எவ்வளவு ஆகும். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கூடவே ஒரு ஃபோட்டோவும் சின்ன வீடியோவும் வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதிக் கதை சொன்ன மாதிரி. நாயின் எடையும் கேட்பார்கள், மருந்து எடைக்குத்தான். கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசில், சொந்தச் சாக்கில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் எடை மிஷினில் ஏறி, இரண்டுக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். அடிபட்டு நொந்து கிடக்கும் நாயை இதற்காக அசைக்க வேண்டாம், கண்மதிப்புப் போதும்.

சரி, எவ்வளவு செலவாகும்? அதச் சொல்லுங்க.

ஒரே விலை சொல்ல முடியாது. ஆனால் பில்லில் என்ன என்ன இருக்கும் என்று சொல்லலாம். டொக்டர் பார்க்கும் கட்டணம், அது இரவிலும் ஞாயிறிலும் கூடும். எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. ஊசி, சேலைன், மருந்து. படுக்க வைத்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, பில்லை மெதுவாக ஏற்றுவது இதுதான். சத்திரசிகிச்சை என்றால் மயக்க மருந்துக்கும் தனியாக. எலும்புக்குத் தகடு வைத்தால் தகட்டின் விலை. கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத வண்டிக்கூலி.

என்னுடைய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2023இல் ஒரு செவலை நாய் மெயின் ரோட்டில் வேனில் அடிபட்டது. அன்று இரவு வண்டிக்கூலி 8,500 ரூபாய், சிகிச்சை நிலையத்தில் 14,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 22,500. அப்போது தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, 1,000 ரூபாய். இருபத்திரண்டரைப் பேர், கிட்டத்தட்ட ஒரு மாதம் மலையில் நின்ற கூலி, ஒரே இரவில் போயிற்று. 2024 வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது, ஆனால் மருந்து விலையும் சும்மா இருக்கவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மிருகங்களின் தடுப்பூசியும் மருந்தும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. டொக்டர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்லுமுன் அதையும் யோசிக்க வேண்டும்.

காசு இவ்வளவுதான் இருக்குன்னு சொன்னா பாக்க மாட்டாங்களோ? பில்லைக் குறைக்க வழி இருக்கா?

சொல்லுங்கள். வாசலிலேயே, முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்தச் செவலையைக் கொண்டு போன இரவில் நான் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தேன். எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். கடைசியில் சத்திரசிகிச்சைக்கு முற்பணம் கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. நாய் இன்னொரு இரவு வலியோடு கிடந்தது. அது என் பிழை. "என்னிடம் இவ்வளவு ரூபாய்தான் இருக்கிறது, இன்றைக்கு எது கட்டாயம், எது நாளைக்கு ஆகலாம்" என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நல்ல டொக்டர் அந்தக் காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்று சொல்வார்.

குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு என்று இரண்டு தொகையும் கேளுங்கள். நாய் நிலைக்கு வந்த பிறகு மிச்சச் சிகிச்சையைப் போதனா வைத்தியசாலைக்கு மாற்ற முடியுமா, கட்டு மாற்றுவதை ஊர்க் கால்நடை டொக்டரிடம் செய்யலாமா என்று கேளுங்கள். மனிதர்களுக்கு விற்கும் மருந்தையே எழுதினால் துண்டை வாங்கி அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள். பில்லின் ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வலியில கத்துது. பெனடோல் பாதி கொடுத்தா என்ன?

வேண்டாம். பெனடோல், புரூஃபன், டைக்குளோபெனாக், வீட்டில் இருக்கும் எந்த வலி மாத்திரையும் வேண்டாம். மனிதர் அளவில் கொடுத்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வயிற்றில் புண்ணாகி இரத்தம் வடியும். பூனைக்குப் பெனடோல் ஒரு துண்டே போதும், செத்துவிடும். இன்னொன்று, நாம் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் டொக்டர் தன்னிடம் உள்ள நல்ல வலி மருந்தைப் பயமில்லாமல் போட முடியாது. ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நஞ்சு தின்னிருச்சு போல. புளி கரைச்சு ஊத்தவா, தேங்காப்பாலா?

இரண்டும் வேண்டாம். உப்புத் தண்ணீர், எண்ணெய், சவர்க்காரத் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். துடிக்கும் நாயின் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குப் போகிறது. நஞ்சோடு நிமோனியாவும் சேர்கிறது. வாந்தி எடுக்க வைப்பதா இல்லையா என்பது என்ன சாப்பிட்டது என்பதைப் பொறுத்தது, அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

மரக்கறித் தோட்டம் உள்ள பக்கங்களில் நான் அதிகம் பார்த்தது பூச்சி மருந்து. எச்சில் ஊற்றும், கண்ணீர் வடியும், கண்மணி ஊசி முனை போலச் சுருங்கும், உடம்பு துடிக்கும், வயிறு கழியும். நேரத்துக்குப் போனால் இதற்கு அட்ரோபின் இருக்கிறது. அது விலை கூடிய மருந்தும் இல்லை. இதில் காசை விட நேரம்தான் பெரிது. எலி மருந்து வேறு விதம், பல வகைகளில் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, பிறகு இரத்தம் உறையாமல் உள்ளே வடியும். அதற்கு விற்றமின் கே ஒன்று, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டி வரும். தின்றதைக் கண்ணால் பார்த்தால் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். போத்தல், பை, லேபல், வாந்தியில் கொஞ்சம், எது கிடைத்தாலும் பையில் போட்டுக் கொண்டு போங்கள். உடம்பில் மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக் கழுவுங்கள், உங்கள் தோலிலும் அது ஏறும்.

கம்பியில மாட்டிக்கிட்டு வந்திருக்கு. கம்பியைக் கழட்டினா சரிதானே?

காட்டுப்பன்றிக்கு என்று தேயிலை மலையின் ஓரத்தில் வைக்கும் சுருக்குக் கம்பி நம் நாய்களுக்கு வரும் பெரிய ஆபத்து. சிறுத்தைகளும் அதில்தான் மாட்டுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டிச் செத்தது. சிறுத்தையோ வேறு காட்டு மிருகமோ மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, 1992க்கு, அடியுங்கள்.

நாய் என்றால் மரத்தோடு கட்டியிருக்கும் முனையை முதலில் குறட்டால் வெட்டுங்கள். தோலில் புதைந்த கம்பியை இழுக்காதீர்கள், அப்படியே டொக்டரிடம் கொண்டு போங்கள். கம்பி கழன்று நாய் எழுந்து ஓடினாலும் விடாதீர்கள். இறுகிய இடத்தில் இரத்தம் ஓடாமல் சதை மூன்று நாலு நாள் கழித்துத்தான் அழுகும். வயிற்றில் இறுகியிருந்தால் உள்ளே குடல் கெட்டிருக்கலாம். முதல் நாளில் கழுவி மருந்து போட்டு முடிய வேண்டிய காயம், ஐந்தாம் நாளில் பெரிய சத்திரசிகிச்சை ஆகிறது. பில்லும் அப்படியே.

புண்ணுல புழு நெளியுது. மண்ணெண்ணெய் ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள், டீசல், பினாயில் எதுவும் வேண்டாம். நல்ல சதையையும் சுட்டுவிடும். டொக்டரிடம் புழுவைக் கொல்லும் மருந்து இருக்கிறது, ஒரு நாளில் பெரும்பாலும் விழும். நாம் பார்க்கும் வருத்தங்களில் சீக்கிரம் போனால் செலவு குறைவானவற்றில் இதுவும் ஒன்று. காதிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

குட்டி ரத்தமாக் கழியுது, சாப்பிட மாட்டேங்குது. எடுத்து வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு.

பார்வோவாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் வைரஸ். வைரஸைக் கொல்லும் மருந்து என்று சாதாரணமாகக் கிடைப்பது எதுவும் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றாமல் சேலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டி தானாகப் போராடி எழும்பும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. ஐந்தாறு நாள் ஆகும், படுக்க வைக்கும் செலவே பெரிய பங்கு. எல்லா நாளும் படுக்க வைக்க முடியாவிட்டால், தினமும் கொண்டு வந்து சேலைன் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள். தூரத்தைப் பொறுத்து அது முடியும். சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் செத்துவிடும். கிடந்த இடத்தை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும் வைரஸ் அது. அதே இடத்துக்கு ஊசி போடாத வேறு குட்டியைக் கொண்டு வராதீர்கள்.

நம் குளிருக்கு மட்டும் உரிய ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாசி இரவில் வடிகானில் கிடந்து எடுக்கும் பிறந்த குட்டிக்கு முதல் ஆபத்து பசி இல்லை, குளிர். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்கும் போகும். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடு ஏற்றி, குட்டி அசைந்து வாய் தேடத் தொடங்கிய பிறகுதான் பால். கை அவசரப்படும், பொறுங்கள்.

தூக்கும்போது கடிச்சிருச்சு. சின்னக் கீறல்தான், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி இலவசம். அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோயிலிருந்து மனிதர் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். கடித்த நாயைக் கொல்லாதீர்கள், 14 நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

காரணமில்லாமல் எதையும் கடிப்பது, குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, தண்ணீர் விழுங்க முடியாமல் தவிப்பது, இப்படி ஒரு நாயைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகருக்குச் சொல்லுங்கள். அதை மீட்கப் போக வேண்டாம். அடிக்கடி நாய் தூக்குகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போடுவது பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். எங்கள் நாய்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் வந்து போடும் விசர்நாய் ஊசியும் இலவசம்தான். லயத்துக்கு, நம் வரிசை வீடுகளுக்கு, ஒலிபெருக்கி வரும் நாளில் நாயைக் காட்டுக்கு விரட்டாமல் பிடித்துக்கொண்டு போங்கள்.

கால் ரெண்டா ஒடஞ்சிருக்கு. தகடு வைக்கக் காசு இல்ல. காலை எடுக்கிறது பாவம் இல்லையா?

மூன்று காலில் ஓடும் நாய்களை நான் வளர்க்கிறேன். ஒன்று மலையில் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடும். தகடு வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்குத் திறமையான கையும் பெரிய செலவும் பிறகு வாரக்கணக்கில் ஓய்வும் வேண்டும். தெருவில் விடப்போகும் நாய்க்கு அந்த ஓய்வு கிடைக்காது. நொறுங்கிய காலை எடுப்பதோடு வலி முடிந்துவிடும், செலவும் பெரும்பாலும் குறைவு. இடுப்பெலும்பு முறிவில் பல நாய்கள் சத்திரசிகிச்சையே இல்லாமல், சின்னக் கூட்டில் ஒன்றரை மாதம் அடைத்து வைத்தாலே எழும்புகின்றன. "இதை விட்டால் என்ன வழி" என்று டொக்டரிடம் கேட்பது கஞ்சத்தனம் இல்லை.

எல்லாத்துக்கும் காசு யாரு தருவா? ஃபேஸ்புக்ல போட்டா வருமா?

வரும், சில சமயம். நாய் செத்த பிறகும் வரும். பில் இருந்தால்தான் வரும், அதற்குத்தான் தாள்களை வைக்கச் சொன்னேன். பில்லையும் நாயையும் ஒரே படத்தில் காட்டுங்கள், காசை நேரே சிகிச்சை நிலையத்தின் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள், மிஞ்சினால் எந்த நாய்க்குப் போகிறது என்று எழுதுங்கள். ஒரு முறை கணக்குத் தவறினால் நம் பக்கம் யாருக்கும் பிறகு ஒருவரும் தரமாட்டார்கள்.

நான் நம்புவது வேறு வழி. லயத்தில் யாராவது செத்தால் மரணாதார சங்கத்துக் காசு அன்று மாலைக்குள் கையில் வருகிறது, ஏனென்றால் சாவு வருமுன்னே மாதம் மாதம் போட்டு வைத்திருக்கிறோம். அதே மாதிரி நாங்கள் பதினான்கு குடும்பம் மாதம் 200 ரூபாய் போடுகிறோம். மாதம் 2,800. ஒரு வருடத்தில் 33,600. அந்தச் செவலை நாயின் முதல் இரவைப் போல ஒன்றைத் தாங்க அது போதும். பெட்டி ஒருவரிடம், கணக்குக் கொப்பி இன்னொருவரிடம். அவசரம் இல்லாத மாதங்களில் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்கிறோம். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ராத்திரியில் ஓடும் செலவை அது வருமுன்னே நிறுத்திவிடுகிறது. கண்டிப் பக்கம் இருப்பவர்கள் காக்பாவ் போன்ற மிருக நல அமைப்புகளிடம் கருத்தடை முகாம் பற்றிக் கேளுங்கள்.

தெருநாய்தானே, நான் கையெழுத்துப் போட்டா பில் என் தலையில விழுமா?

விழும். மயக்க மருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் சம்மதக் கையெழுத்து யாராவது போட வேண்டும், போட்டவர்தான் பொறுப்பு. அதனால் போடுமுன் தொகையைக் கேளுங்கள், "இந்தத் தொகைக்கு மேல் போகுமுன் ஃபோன் எடுங்கள்" என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நாயை அங்கேயே விட்டுவிட்டு நம்பரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் அடுத்து மீட்டு வருகிறவரிடம் முழுக் காசையும் முன்னால் கேட்கிறார்கள்.

தோட்டை அடகு வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன் டீச்சர். வெக்கவா?

ஒரு தங்கச்சி அழுதுகொண்டு கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். வட்டி கட்டி மீட்கும் வரை பிள்ளைகளின் சாப்பாட்டில்தான் அது குறையும். முதலில் டொக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தக் காசைச் செலவழித்தால் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, பிழைத்தால் எப்படி இருக்கும்?" நல்ல வாய்ப்பு என்றால் தவணையாகக் கட்டலாமா என்று கேளுங்கள், எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். வாய்ப்பு இல்லை என்றால் தோட்டை வைத்தும் பயனில்லை. இரண்டிலும் நீங்கள் அந்த நாயைக் கைவிட்டதாக ஆகாது.

ஊசி போட்டுத் தூங்க வெச்சுரலாம்னு டொக்டர் சொல்றார். சம்மதிக்கலாமா?

முதுகெலும்பு அறுந்து, வலி உணர்வே இல்லாமல் பின்பக்கம் முழுதும் செயலிழந்து, சிறுநீரும் தானாகப் போகாத நாய். நுரை கக்கும் வெறி நோய். மருந்துக்கு அடங்காத வலி. இவற்றில் நான் சம்மதித்திருக்கிறேன். முதலில் மயக்கி, பிறகு போடுகிறார்கள், வலிக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தேன், வெறி நோய் நாய்க்கு மட்டும் அது முடியாது.

காசு இல்லை என்பதற்காக மட்டும் என்றால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வலி மருந்து போட்டு வைத்து, அந்த ஒரு நாளில் போதனா வைத்தியசாலையையும் தெரிந்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டு வாங்கிய ஒரு நாளில் பிழைத்த நாய் இப்போது என் இஸ்தோப்பில் படுத்திருக்கிறது. கேட்டும் கிடைக்காமல் போனால், வலியோடு வாரக்கணக்கில் கானில் கிடந்து சாவதை விட அந்த ஊசி மேல்.

வேணும்னே வெட்டிட்டாங்க. பொலிஸுக்குப் போனா ஏதாவது நடக்குமா?

போங்கள். 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதில் அபராதம் 100 ரூபாய், அந்தக் காலத்துத் தொகை. புதிய சட்டம் வேண்டும் என்று பல வருடமாகப் போராடுகிறார்கள். ஆனாலும் முறைப்பாட்டின் இலக்கம் ஒன்று இருந்தால் அடுத்த முறை கத்தி எடுக்கிறவர் யோசிப்பார். முதலில் நாயைக் காப்பாற்றுங்கள், காயத்தை ஃபோட்டோ எடுங்கள், டொக்டரிடம் காயத்தைப் பற்றி எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு பொலிஸ். அவசரம் என்றால் 119.

செத்துப்போச்சு டீச்சர். எங்க புதைக்கிறது? பில்லும் கட்டணுமா?

பில் கட்ட வேண்டும். அவர்கள் செய்த வேலை செய்ததுதான். முடியாவிட்டால் மாதத் தவணை கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வெறி நோய் என்று சந்தேகம் இருந்தால், முக்கியமாக யாரையாவது கடித்திருந்தால், புதைக்குமுன் பொதுச் சுகாதார பரிசோதகருக்குச் சொல்லுங்கள், தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வரும். நீங்களாக வெட்டவோ தொடவோ வேண்டாம். நஞ்சு தின்று செத்ததை வெளியே போடாதீர்கள், அதைத் தின்னும் இன்னொரு உயிரும் சாகும். மற்றபடி தண்ணீர்ப் பீலிக்கும் ஊற்றுக்கும் கீழே, தண்ணீர் ஓடாத மேடான இடமாகப் பார்த்து, மழையில் மண் கரைந்து வெளியே வராத அளவுக்கு இடுப்பளவு ஆழமாவது தோண்டுங்கள். தோட்டக் காணி என்றால் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மண் இறுகிக் கிடந்தால் என்னைக் கூப்பிடுங்கள். அலவாங்கு இருக்கிறது, பெடியன்களையும் கூட்டி வருகிறேன்.